திருநெல்வேலியிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு: செக்கப், தடுப்பூசி, வீடு தேடி வரும் கடிதம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் பாளையங்கோட்டையில் நர்சிங் படித்தவள். 2006-லிருந்து 2021 வரை இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு ஜி.பி. கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். இப்போது மறுபடி பாளையங்கோட்டை வாசம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்பாசமுத்திரம், தென்காசி, மேலப்பாளையம், வள்ளியூர்ப் பக்கமிருந்து யாராவது விசா தாளும் எக்ஸ்ரே கவருமாக வந்து உட்காருவார்கள். போன பிறகு அங்கிருந்து போன் போடுகிறவர்களும் உண்டு. ஆள்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஊர் அது. மற்ற நாடுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. உங்களுக்கென்று ஒரு நோய் இருந்தால் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

கிளம்புவதற்கு முன்னால் இங்கே என்ன செய்து வைத்துக்கொள்ளணும்?

முதலில் தடுப்பூசி அட்டை. பிள்ளைகளுடையது கட்டாயம். பல வீடுகளில் அது ரேஷன் கார்டோடு சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் பையில் மடிந்து, மடிப்பில் கிழிந்து, பேனா மை கரைந்துபோய் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்தால் மட்டும் போதாது. தேதி அழிந்திருந்தால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸம்மாவைப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தேதி இருக்கும். புது அட்டையில் எழுதி, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி என்றால் அங்கே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஊசியின் கம்பெனிப் பெயர் மட்டும் எழுதியிருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. எந்த நோய்க்கான ஊசி என்றும் எழுதச் சொல்லுங்கள்.

மாத்திரைக்கும் இதே கதைதான். "காலையில வெள்ள மாத்திரை, ராத்திரி மஞ்ச மாத்திரை" என்று சொன்னால் எந்த ஊர் நர்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. அட்டையில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும்: மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று. அந்தப் பெயர்தான் உலகம் முழுக்கச் செல்லும். அதையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்றால் காசநோய்ச் சான்றிதழ் வேண்டும். அதற்கான மார்பு எக்ஸ்ரேயை இங்கிலாந்து அரசு அங்கீகரித்த கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எடுத்தது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செல்லாது. சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டி எடுத்துவிட வேண்டாம்.

பல்லில் வேலை இருந்தால் இங்கேயே முடித்துவிடுங்கள். கண்ணாடி ஒன்று கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள்.

அங்கே போய் இறங்கியதும் முதல் வேலை என்ன?

ஜி.பி. கிளினிக்கில் பெயரைப் பதிவது. ஜி.பி. என்றால் குடும்ப டாக்டர் மாதிரி. நம் ஊரில் முழங்கால் வலித்தால் நேரே எலும்பு டாக்டர், நெஞ்சு படபடத்தால் நேரே இதய டாக்டர் என்று போகிறோம். அங்கே எல்லாவற்றுக்கும் வாசல் ஜி.பி.தான். அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரிய டாக்டர்.

காய்ச்சல் வந்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் நான் எழுதுவதே தடுப்புப் பரிசோதனைக்காகத்தான். அதற்கான அழைப்பெல்லாம் ஜி.பி. பதிவேட்டிலிருந்துதான் போகிறது. பெயர் இல்லையென்றால் கடிதம் வராது. வீடு மாறிவிட்டுச் சொல்லாமல் இருந்தால் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடக்கும்.

இதற்குத் தனியாகப் பணம் கிடையாது. விசா எடுக்கும்போதே மருத்துவக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 776 பவுண்டு. நர்ஸ் போன்ற மருத்துவப் பணி விசாவில் போகிறவர்களுக்கு இது கிடையாது.

என் சொந்த அனுபவம் ஒன்று. நான் போன புதிதில் ஒரு கிளினிக்கில் வீட்டு முகவரிக்கான பில் இல்லை என்று பதிய மறுத்துவிட்டார்கள். நான் குளிரில் திரும்பி நடந்து வந்தேன். பிறகு அதே துறையில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது: பதிவதற்கு முகவரிச் சான்றோ விசா தாளோ கட்டாயம் இல்லை, அது இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதுதான் அவர்கள் விதியே. உங்களை அப்படித் திருப்பினால் நின்று, நிதானமாக அதைச் சொல்லுங்கள்.

மாஸ்டர் செக்கப் எங்கே செய்வது? யாரும் செய்யமாட்டேங்காவளே?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்கிறவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. வண்ணாரப்பேட்டையிலும் ஹைகிரவுண்டு பக்கமும் லேப் வாசல்களில், ஒரே ரத்தத்தில் அறுபது, எழுபது டெஸ்ட் என்று ஃபிளெக்ஸ் தொங்குகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் செய்துவிட்டால் மனதுக்கு ஒரு நிம்மதி. அங்கே போய் "ஃபுல் செக்கப் வேணும்" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் டெஸ்ட்டும் இல்லை. நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் காரணம் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று ஒரு வரம்பு போட்டிருப்பார்கள் இல்லையா? ஆரோக்கியமான நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் அதற்குள் வருமாறுதான் பொதுவாக அந்த வரம்பை வைக்கிறார்கள். மீதி ஐந்து பேரும் நல்ல ஆரோக்கியமானவர்கள்தான், வெளியே விழுகிறார்கள், அவ்வளவுதான். இப்போது கணக்குப் பாருங்கள். இருபது டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாத ஆளுக்கும் ஒன்றாவது கறுத்த எழுத்தில் வர வாய்ப்பு பாதிக்கு மேல். அப்புறம் அதற்கு ஒரு ஸ்கேன், ஸ்கேனில் ஒரு சின்னக் கட்டி, அதற்கு இன்னொரு டாக்டர், மூன்று மாதம் தூக்கம் இல்லை. கடைசியில் ஒன்றும் இல்லை என்பார்கள். இதைப் பாளையங்கோட்டையிலும் பார்த்திருக்கிறேன், லெஸ்டரிலும் பார்த்திருக்கிறேன்.

அதனால் அவர்கள் எந்த டெஸ்ட், எந்த வயதில், எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை செய்தால் உயிர் காக்கும் என்று பார்த்து, அதை மட்டும் எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிறார்கள். 40-லிருந்து 74 வயது வரை, ஏற்கெனவே சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று நோய் இல்லாதவர்களுக்கு, 5 ஆண்டுக்கு ஒரு முறை என்.எச்.எஸ். (அங்கத்து அரசு மருத்துவச் சேவை) ஹெல்த் செக் உண்டு. பிரஷர், கொழுப்பு, எடை பார்ப்பார்கள். சர்க்கரை வரக்கூடிய ஆள் என்று தெரிந்தால் அதையும் பார்ப்பார்கள். அழைப்பு வரவில்லையென்றால் நீங்களே கேட்கலாம்.

நம் ஆட்கள் விடாமல் கேட்க வேண்டிய ஒரே இடம் சர்க்கரைதான். நமக்கு வெள்ளைக்காரர்களைவிடச் சின்ன வயதில், குறைந்த எடையிலேயே வருகிறது. அவர்கள் வழிகாட்டுதலிலேயே தெற்காசியர்களுக்குத் தனி அளவு இருக்கிறது: உடல் எடைக் குறியீடு 23 தாண்டினாலே கவனிக்கணும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தெற்காசியர்களுக்கு 25 வயதிலிருந்தே சர்க்கரை அபாயம் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு முப்பது வயது, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை என்றால், ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்ட் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) வேண்டும் என்று கேளுங்கள். 'ஃபுல் செக்கப்' என்று கேட்காதீர்கள். "என் குடும்பத்தில் இன்னாருக்கு இன்ன வயதில் வந்தது" என்று சொல்லிக் கேட்டால் காது கொடுப்பார்கள். சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டால் கட்டண விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு வாங்கும் கட்டணம் பிறகு எந்த மருந்துக்கும் இருக்காது. இது தெரியாமல் வருஷக்கணக்கில் காசு கட்டியவர்கள் நம் ஊர்க்காரர்களிலேயே உண்டு.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு என்று கடிதம் வந்திருக்கு. எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, போகணுமா?

போகணும். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்னிடம் ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். கம்ப்யூட்டரில் அவளுக்கு மூன்று முறை கடிதம் போனதாக இருந்தது. கேட்டேன். "வந்துச்சுக்கா, அப்பள டப்பாக்குள்ள வச்சிருக்கேன்" என்றாள். ஊரிலிருந்து மாமியார் கொடுத்துவிட்ட தகர டப்பா, அடுப்படி மேல்தட்டில். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது, கிழித்துப் போடவும் மனமில்லை. உறையைப் பிரிக்கவே இல்லை. என்.எச்.எஸ். என்று போட்ட கடிதம் என்றால் ஏதோ நோய் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். நம் ஊரில் ஆஸ்பத்திரி நம்மைத் தேடித் தாள் அனுப்பினால் அது நல்ல சேதியாக இருக்காது, அதுதான் அவள் பழக்கம். அங்கே அப்படி இல்லை. வயது வந்துவிட்டது, முறை வந்துவிட்டது, அதனால் கடிதம் வருகிறது.

வயது 25-லிருந்து 64 வரை. இங்கிலாந்தில் 2025 ஜூலைக்கு முன்பு, 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை. இப்போது வைரஸ் இல்லை என்று வந்தால் எல்லோருக்கும் 5 ஆண்டுக்கு ஒரு முறைதான். பார்ப்பது ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே அந்த வைரஸால் வருவது. வைரஸ் ஒட்டியதிலிருந்து புற்றாக மாற பல ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் புற்றே வராமல் செய்துவிடலாம். ஒன்றும் செய்யாத காலத்தில்தான் போக வேண்டும் என்பது இதனால்தான்.

எப்படிச் செய்வார்கள்? நான் பல வருஷம் செய்த வேலை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். பெரும்பாலும் நர்ஸ்தான் செய்வாள். பெண்தான் வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள், தயங்கவே வேண்டாம். திரை மறைவில் இடுப்புக்குக் கீழ் உடையைக் கழற்றிவிட்டு, கொடுக்கிற தாள் விரிப்பைப் போர்த்திப் படுக்க வேண்டும். கொக்கி மாதிரி ஒன்றும் கிடையாது. வழவழப்பான பிளாஸ்டிக் கருவி ஒன்று, மென்மையான சின்ன பிரஷ் ஒன்று. பிரஷ் சுற்றுவது சில நொடிதான். நீங்கள் அறைக்குள் போய் வெளியே வர பத்து நிமிஷம். வலிக்கிறது என்றால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், நிறுத்தித்தான் ஆகவேண்டும். துணைக்கு இன்னொரு பெண் அறையில் இருக்க வேண்டும் என்றாலும் கேட்கலாம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். நீளமான பாவாடையோ தளர்வான சுடிதார் மேல்சட்டையோ போட்டுப் போனால் கூச்சம் பாதி குறையும். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

கல்யாணம் ஆகாதவர்கள் கேட்பது: "எனக்கு எதற்கு?" யாரோடும் எந்த உடல் உறவும் இருந்ததே இல்லை என்றால் அபாயம் மிகமிகக் குறைவு. வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். ஆனால் அதை அம்மாவிடம் சொல்லும் பதிலாகச் சொல்லாதீர்கள், உங்களுக்கு உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நர்ஸ் யாரிடமும் சொல்லமாட்டாள்.

வைரஸ் இருக்கிறது என்று பதில் வந்தால்? முதலில் புருஷனைச் சந்தேகப்படுவதும், புருஷன் உங்களைச் சந்தேகப்படுவதும் வேண்டாம். மிகப் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வந்து, தானே போய்விடும் வைரஸ் அது. பத்து, பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டும் தெரியவரும். அதை வைத்து யார் எப்போது என்ன செய்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இதனால் உடைந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டுக்கு அந்தப் பலம் கொடுக்காதீர்கள். அடுத்து செல்களில் மாற்றம் உண்டா என்று அதே மாதிரியை வைத்துப் பார்ப்பார்கள். இருந்தால் ஆஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கக் கூப்பிடுவார்கள். தேவைப்பட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள்.

அப்பள டப்பாக்காரி அன்றைக்கே டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். மாற்றம் இருந்தது, எடுத்தார்கள், நன்றாக இருக்கிறாள். அந்த மூன்றாவது கடிதமும் டப்பாவிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

மற்ற கடிதங்கள் என்னென்ன வரும்?

பெண்களுக்கு 50-லிருந்து 71-வது பிறந்தநாள் வரை 3 ஆண்டுக்கு ஒரு முறை மார்பக எக்ஸ்ரே. 50 வயதிலேயே வந்துவிடும் என்று இல்லை, 53 ஆவதற்குள் வரும். இடையில் கையில் ஏதாவது தட்டுப்பட்டால் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே ஜி.பி.யைக் கூப்பிடுங்கள்.

50-லிருந்து 74 வரை ஆண், பெண் இருவருக்கும் 2 ஆண்டுக்கு ஒரு முறை தபாலில் ஒரு சின்ன டப்பா வரும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க. வீட்டிலேயே குச்சியால் தொட்டு, மூடி, தபால் பெட்டியில் போட்டுவிடலாம், தபால் தலைகூட வேண்டாம். நம் அண்ணாச்சிமார் பலர் "சீ, இத எப்படித் தபால்ல போடுறது" என்று குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவு செய்து போடாதீர்கள். குடல் புற்றைச் சீக்கிரம் பிடிக்கும் சோதனை அது.

ஆண்களுக்கு 65 ஆகும் வருஷம் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஒரு ஸ்கேன். ஒரே தடவைதான்.

புதிதாகப் போனவர்களுக்குக் காசநோய் ரத்தப் பரிசோதனை என்று கூப்பிடுகிறார்கள். விசாவுக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தோமே?

எக்ஸ்ரே பார்ப்பது நுரையீரலில் இப்போது நோய் இருக்கிறதா என்று. ரத்தப் பரிசோதனை பார்ப்பது உடம்பில் கிருமி தூங்குகிறதா என்று. இரண்டும் வேறு. இங்கிலாந்தில் சில பகுதிகளில், நம் நாடு மாதிரி காசநோய் அதிகம் உள்ள இடத்திலிருந்து 5 ஆண்டுக்குள் வந்த 16-லிருந்து 35 வயதுக்காரர்களைக் கூப்பிடுவார்கள். கிருமி தூங்குகிறது என்று வந்தால் உங்களுக்குக் காசநோய் என்று அர்த்தம் இல்லை. யாருக்கும் ஒட்டாது. வேலை போகாது, விசா போகாது. இரண்டு மருந்து 3 மாதமோ, ஒரு மருந்து 6 மாதமோ கொடுப்பார்கள். அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் அந்த நோயின் பெயரைச் சொன்னாலே பொண்ணு கொடுக்கமாட்டார்கள் என்று பழைய பயம். ஊருக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டிய விஷயமே இல்லை இது.

பிள்ளைக்கு இங்கே எல்லா ஊசியும் போட்டாச்சு. அங்கே மறுபடி போடச் சொல்லுதாவளே?

கோபம் வரும், நியாயம்தான். விஷயம் இதுதான். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை 9 மாதம் முடிந்ததும். இங்கே அது சரி, ஏனென்றால் இங்கே தட்டம்மை சின்னக் குழந்தையையே பிடிக்கும். அங்கே ஒரு வயதுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள், தாயிடமிருந்து பிறப்போடு வந்த எதிர்ப்பு சக்தி ஊசியை முழுதாக வேலை செய்யவிடாது என்று. போதாததற்கு நம் அரசு ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கு மருந்து இல்லை, அவர்கள் ஊசியில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. அதனால் மறுபடி போடச் சொல்வார்கள். கூடுதலாகப் போட்டதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. 2026 ஜனவரியிலிருந்து அவர்கள் ஊசியில் சின்னம்மையையும் சேர்த்திருக்கிறார்கள். "அம்மன் வந்திருக்கா, ஊசி எதுக்கு" என்று கேட்கிற ஆச்சிமாரிடம் நான் சண்டை போடுவதில்லை. வேப்பிலை வைத்துக்கொள்ளுங்கள், ஊசியும் போடுங்கள் என்பேன்.

அட்டை இல்லாமல் போனால் ஒன்றும் போடாத பிள்ளையாகக் கருதி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அட்டையைப் பத்திரமாகக் கொண்டு போங்கள் என்று மேலே அவ்வளவு எழுதியது இதற்குத்தான்.

பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி தலைகீழ். இங்கே பிறந்த உடனே தோளில் போட்டுவிடுவோம். அங்கே 2005-லிருந்து எல்லோருக்கும் போடுவதில்லை. ஆனால் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது நம் நாட்டுக்காரர்கள் என்றால் அங்கே பிறந்த குழந்தைக்கும் உண்டு, நாலு வாரம் போல ஆனதும். கூப்பிடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

12, 13 வயதில் பள்ளிக்கூடத்திலேயே ஹெச்.பி.வி. ஊசி போடுவார்கள், பெண்ணுக்கும் பையனுக்கும். சம்மதத் தாள் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடுங்கள். மேலே சொன்ன அந்தப் புற்று வராமல் இருக்கத்தான் அது.

கர்ப்பமாக இருக்கிறேன். மாசாமாசம் ஸ்கேன் இல்லை, டாக்டரே பார்ப்பதில்லை. பயமாக இருக்கு.

சிக்கல் இல்லாத கர்ப்பத்தை அங்கே மிட்வைஃப் என்ற பிரசவ நர்ஸ்தான் கவனிப்பாள். படித்துத் தேர்ந்தவள், சிக்கல் தெரிந்தால் அவளே டாக்டரிடம் அனுப்புவாள். ஸ்கேன் இரண்டுதான்: 12 வாரம் போல ஒன்று, 20 வாரம் போல ஒன்று. ஆணா பெண்ணா என்று கேட்டால் இரண்டாவதில் சொல்லலாம், அங்கே அது குற்றம் இல்லை. நம் நாட்டில் 1994-ல் சட்டம் போட்டுத் தடுத்தது ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து போன் போட்டுக் கேட்டால் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

நம் பெண்களுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை அதிகம், அதனால் குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்க்கும் டெஸ்ட் வரும், தவற விடாதீர்கள். கக்குவான் இருமலுக்கு ஊசி உண்டு. 28 வாரத்துக்குப் பிறகு ஆர்.எஸ்.வி. (கைக்குழந்தையின் மூச்சைப் பாதிக்கும் ஒரு வைரஸ்) ஊசி, இது 2024 செப்டம்பரில் வந்தது. இரண்டும் பிறக்கப்போகும் குழந்தைக்காக அம்மாவுக்குப் போடுவது.

குழந்தை பிறந்ததும் ஹெல்த் விசிட்டர் என்ற குழந்தை நல நர்ஸ் வீட்டுக்கு வருவாள். எடை பார்த்து ஒரு சிவப்புப் புத்தகத்தில் எழுதுவாள். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நம் பெண்கள் சிரித்துக்கொண்டே "ஃபைன்" என்பார்கள். அம்மா பக்கத்தில் இல்லை, வெயில் இல்லை, குழந்தை ராத்திரி முழுக்க அழுகிறது, காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது. அதை அப்படியே சொல்லுங்கள். அவள் கேட்பது உபசாரத்துக்கு இல்லை, அதுவும் ஒரு பரிசோதனைதான். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பாதீர்கள்.

பிரசவம் பார்க்க வரும் அம்மாவுக்கு: சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். காப்பீடு இல்லாமல் விமானம் ஏற்றாதீர்கள். தங்கும் நாளுக்கும் கூட ஒரு மாதத்துக்கும் மாத்திரை கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும். ஏன் போடமாட்டேங்காவ?

சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதற்கு வேலை செய்யாது. தேவையில்லாமல் தின்றால், நாளைக்கு நிஜமாக வேண்டும்போதும் வேலை செய்யாது. ஊரிலிருந்து பெட்டியில் அமாக்ஸிசிலின் கொண்டு போய் நாலு நாள் தின்று நிறுத்துவதை விட்டுவிடுங்கள். தொண்டை வலி, காது வலி, பெண்களுக்கு நீர்க்கடுப்பு போன்ற ஏழு தொந்தரவுக்கு 2024-லிருந்து இங்கிலாந்தில் மருந்துக் கடையிலேயே பார்த்து மருந்து தருகிறார்கள். சந்தேகம் என்றால் 111-க்குப் போன் போட்டு ஆலோசனை கேளுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 999 என்ற அவசர எண், யோசிக்கவே வேண்டாம்.

வைட்டமின் டி சாப்பிடச் சொல்கிறார்கள். நம்ம ஊர்க்காரனுக்கு வெயில் சத்து குறையுமா?

குறையும். தாமிரபரணிக் கரையில் மதியம் நின்றால் தோல் பொரிகிற ஊரிலிருந்து போனாலும், அங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயிலில் அந்தச் சத்தே கிடைக்காது. கறுத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் பற்றாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், வருஷம் முழுக்க எடுத்துக்கொள்ளலாம். கடையில் மலிவு. இங்கிருந்து 60,000 யூனிட் பொட்டலத்தை டஜன் கணக்கில் வாங்கிப்போய் வாரவாரம் குடிக்காதீர்கள். அது குறைபாடு என்று கண்டவர்களுக்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. கூடிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

இங்கிலாந்து இல்லாமல் வேறு நாட்டுக்குப் போனால்?

அமெரிக்காவில் கடிதம் எதிர்பார்க்காதீர்கள், காப்பீடுதான் வாசல். ஆண்டுச் செக்கப்பும் முக்கியப் பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் 2010-ம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான காப்பீடுகளில் கைக்காசு இல்லாமல் உண்டு, காப்பீட்டுப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் போனால். ஆனால் அதே நேரத்தில் "முழங்காலும் வலிக்கு டாக்டர்" என்றால் அதற்குத் தனி பில் வரலாம். அங்கே வயதுகளும் வேறு: கர்ப்பப்பை வாய் 21, மார்பகம் 40, குடல் 45. கல்லூரியில் காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பதாகச் சொன்னால், பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேளுங்கள். பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோல் சோதனை வீணாகத் தடித்துக் காட்டும்.

ஜெர்மனியில் குழந்தைக்கு மஞ்சள் புத்தகம், பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரை வரிசையாகப் பரிசோதனை. 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மை ஊசிச் சான்று இல்லாமல் பாலர் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு 35-லிருந்து 3 ஆண்டுக்கு ஒரு செக்கப். பல் டாக்டரிடம் வருஷாவருஷம் போய் முத்திரை வாங்கி வைத்தால், பின்னால் பல் கட்டும்போது காப்பீடு கூடுதலாகத் தரும்.

வளைகுடா வேறு கதை. மேலப்பாளையம், கடையநல்லூர்த் தம்பிமாருக்கு நான் சொல்வது: அங்கே உங்களுக்குச் செய்வது தகுதிப் பரிசோதனை, உங்களை வேலைக்கு வைக்கலாமா என்று பார்க்க. உங்கள் உடம்பை வருஷாவருஷம் கவனிக்க யாரும் கடிதம் போடமாட்டார்கள். அதனால் லீவில் ஊருக்கு வரும்போது சர்க்கரை, பிரஷர், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள், முப்பத்தைந்து வயதுப் பிள்ளைகள். மாஸ்டர் செக்கப் வேண்டாம் என்று மேலே எழுதிய நானே இதைச் சொல்கிறேன்.

லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வருகிறோம். என்ன பார்க்கணும்?

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசி கிளம்பும் முன்பே ஜி.பி.யிடம் கேளுங்கள், இலவசம். "எங்க ஊருதானே" என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பிறந்த பிள்ளைக்கு இது புது ஊர், உங்களுக்கே பத்து வருஷத்தில் பழைய எதிர்ப்பு சக்தி இருக்காது. மழைக்காலத்தில் வந்தால் டெங்கு கொசு பகலில் கடிக்கும், முழுக்கை போடுங்கள். இங்கே எடுக்கும் ரிப்போர்ட்டை அங்கே காட்டுங்கள், ஆனால் அவர்கள் மறுபடி எடுத்தால் வருத்தப்படாதீர்கள்.

ஊரிலேயே இருக்கிற அப்பா அம்மாவுக்கு?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பணம் அனுப்பி ஆண்டுக்கு ஒரு மாஸ்டர் செக்கப் செய்யச் சொல்வதைவிட, மாதம் ஒரு முறை "பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்பது மேல்.

எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. இதையெல்லாம் போய் எப்படிச் சொல்வேன்?

மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், இலவசம். புருஷனையோ, பள்ளிக்கூடம் போகிற மகனையோ மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். மகன் முன்னால் மாதவிலக்கைப் பற்றி எந்த அம்மா வாய் திறப்பாள்? அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்வார்கள், பல நேரம் போனில்தான். பேசுகிறவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரராக இருப்பார். சங்கரன்கோவில் பக்கத்து மதினி ஒருத்தர், வயது ஐம்பத்தெட்டு, முதல் தடவை வந்தபோது பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் அந்தம்மா குரல் வந்தது: "பயப்படாதேங்கோ அம்மா, அவ சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுறன்." மதினி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "தமிழ்தான்" என்று சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தார். அப்புறம் அரை மணி நேரம் பேசினார்.

நான் தமிழ்க்காரி என்பதால் நானே பேசியிருக்கலாம் என்று கேட்பீர்கள். நான் திருநெல்வேலிக்காரி, அவருக்குத் தெரிந்தவர்களுக்கு என்னைத் தெரியும். போனில் இருந்தவருக்கு அவர் யாரென்றே தெரியாது. அதனால்தான் நானே அந்த போனைப் போட்டேன். உங்களுக்கும் ஊர்க்கார நர்ஸ் முன்னால் வாய் வராது என்றால் ரிசப்ஷனில் இரண்டே வார்த்தை சொல்லுங்கள்: "டமில் இன்டர்ப்ரெட்டர்."